ஒன்பது டைல் மௌனம்

என் மாமா தன் வாழ்நாளில் போட்ட கோடுகளை எல்லாம் நுனியோடு நுனி சேர்த்து நீட்டினால் நிலாவுக்குப் போய்விட்டுத் திரும்பி வரலாம் என்று அவர் சொல்லிக்கொள்வார். கல்யாணமான புதிதில் அத்தையும் இதைக் கேட்டு வாயைப் பிளந்திருக்கிறார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வேலை இல்லாமல், பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார். அத்தை பள்ளிக்கூடத்தில் வடிவியல் நடத்தும் டீச்சர். மருத்துவமனை வராந்தாக்கள், நான்கு வண்டி நிறுத்துமிடங்கள், இரண்டு பூப்பந்துத் திடல்கள், ஒரு கிடங்கு. எல்லாவற்றையும் கூட்டினால் பதினாலரை கிலோமீட்டர் வந்தது.

"நிலாவெல்லாம் வேணாம். பஸ் டிப்போ வரைக்கும் போகலாம். திரும்பி வர ஆட்டோதான் பிடிக்கணும்," என்றாராம் அத்தை.

மாமா அசரவில்லை. "எல்லாம் ரெண்டு கோட்டிங் அடிச்சது. அதைக் கணக்குல சேத்தியா?"

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. தொழில், தரையில் கோடு போடுவது. பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்துவந்தார். அந்த மருத்துவமனையில் நான்கு கட்டடங்கள். ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத நான்கு பேர் வெவ்வேறு காலத்தில் கட்டியது போல இருக்கும். இரண்டாவது மாடி என்று நினைத்து நடந்துகொண்டே இருந்தால் முதல் மாடியில் முடியும். ஒருமுறை தலைமை மருத்துவரே தன் அறைக்குப் போகும் வழி தெரியாமல் பிரசவ வார்டுக்குள் நுழைந்து, அங்கிருந்த பாட்டிமார்களிடம் திட்டு வாங்கியிருக்கிறார். கட்டில்களுக்கு எண் எழுத வந்திருந்த மாமாவை அன்றைக்கே கூப்பிட்டு, "வாசல்லேருந்து எல்லா இடத்துக்கும் ஒரு கோடு போடுப்பா. எனக்கும் சேத்து," என்றார். ரத்தப் பரிசோதனைக்கு மஞ்சள், எக்ஸ்ரேக்குச் சிவப்பு, மருந்து வாங்க நீலம். கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் இடம் வந்துவிடும். படிக்கத் தெரிய வேண்டாம், யாரையும் கெஞ்ச வேண்டாம்.

மாமாவின் பெருமைக்கு இது ஒன்றே போதும். ஆனால் அவர் அதோடு நிற்கிற ஆள் இல்லை. சாய்ந்திருக்கும் எதையும் அவரால் மன்னிக்க முடியாது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் காலண்டரை நிமிர்த்துவார், பிறகுதான் நலம் விசாரிப்பார். அவர்கள் கல்யாணப் படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க, மாப்பிள்ளை மட்டும் இடதுபக்கம் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் கட்டியிருந்த திரை அரை அங்குலம் இறங்கியிருந்ததாம். இருபத்திரண்டு வருடம் கழித்தும் அந்தப் படத்தைக் காட்டினால், "பாத்தியா, இப்பவும் சாஞ்சுதான் இருக்கு," என்பார். பக்கத்தில் நிற்கும் மணப்பெண் எப்படி இருக்கிறாள் என்று அவர் இன்றுவரை பார்த்ததாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி, அவர் போடுவது கோடே இல்லை என்று அடித்துச் சொல்லும் ஒருத்தி.

"கோட்டுக்கு நீளம் மட்டும்தாங்க உண்டு. அகலம் கிடையாது. நீங்க போடுறது நாலு அங்குல அகலம். அது செவ்வகம். ரொம்ப நீட்டமான செவ்வகம்."

"அப்ப நீ போர்டுல சாக்பீஸ்ல போடுறியே, அது என்ன டீச்சரம்மா?"

"அதுவும் கோடு இல்லதான். ஆனா நான் அதைக் கோடுன்னு ஊரெல்லாம் பீத்திக்கறது இல்லையே."

"அகலமே இல்லாத கோட்டைப் போட்டா எந்த நோயாளிக்குத் தெரியும்?"

"தெரியறது உங்க கவலை. இருக்கறது என் கவலை."

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு இரண்டு பைகளோடு இவர்கள் வீட்டு முன்னறையில் நான் வந்து இறங்கிய அன்றும் இதே சண்டைதான் நடந்துகொண்டிருந்தது. போகும்போது எந்த வாக்கியத்தில் விட்டுவிட்டுப் போனேனோ அதே வாக்கியம். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாம்மா ஊர்சுத்தி. போன இடத்துல எங்கயாவது ஒழுங்கா ஒரு கோடு பாத்தியா?" என்று கேட்டார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தொலைவில் ஒரு ஊர் மருத்துவமனையில் கூரையிலும் கோடு போட்டிருந்தார்கள், தள்ளுவண்டியில் மல்லாக்கப் படுத்து வருகிறவர்களுக்காக, என்று சொல்லிவிட்டேன். மாமாவின் முகம் விழுந்துவிட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பல் தேய்த்துக்கொண்டே வந்து, "படுத்திருக்கறவன் வழியைத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறான்? இறங்கித் தள்ளவா போறான்?" என்றார். இரண்டு நாள் யோசித்திருக்கிறார்.

இவ்வளவு பெருமைக்காரருக்கு ஒரு குறை இருந்தது. பத்தொன்பது வருடமும் அவர் தற்காலிகம். அடையாள அட்டையில் பெயருக்குக் கீழே, பெயரைவிடப் பெரிய எழுத்தில், 'தற்காலிகம்' என்று இருக்கும். அவருக்குப் பிறகு வந்த காவலாளி நிரந்தரம், லிஃப்ட் இயக்குபவர் நிரந்தரம். லிஃப்டே ஓடுவதில்லை, ஆனாலும் அவர் நிரந்தரம். மாமாவின் கோப்பு இப்போதுதான் ஒவ்வொரு மேசையாக நகர்ந்து கடைசி மேசைக்கு வந்திருந்தது. ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. ஆனால் ஐம்பது வயது முடிந்த ஒருவரை நிரந்தரமாக்க விதியில் இடம் இல்லை. மாமாவுக்கு ஐம்பது முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

அந்தக் கடைசி மேசைக்கு உரியவர் புதிதாக வந்திருந்த நிர்வாக அதிகாரி. அவர் ஒரு கவிஞர்.

கவிஞர் என்றால் சாதாரணக் கவிஞர் இல்லை. சொந்தச் செலவில் மூன்று தொகுப்பு போட்டவர். ஒரு பக்கத்துக்கு நாலு சொல், மீதி வெள்ளை. பழைய காகிதம் எடுக்கிறவர் அந்தப் புத்தகங்களைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல இன்னும் எழுதவே ஆரம்பிக்கலையே சார்," என்று திருப்பிக் கொடுத்ததாக ஒரு கதை உலவியது. செவிலியர்கள் கட்டிவிட்டதாக இருக்கலாம். ஆனால் சுற்றறிக்கைகள் நிஜம். கை கழுவும் தொட்டிகளுக்கு மேல் ஒட்டியிருந்ததை நானே படித்திருக்கிறேன்:

குழாயை
மூடவும்
மூடியபின்
மனதைத்
திற

குழாய் எல்லாம் திறந்தே ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வியாழக்கிழமை அவர் மாமாவைக் கூப்பிட்டனுப்பினார். மாமா என்னையும் அழைத்துப் போனார். "நீ நாலு இடம் பாத்தவ. அவர் ஏதாவது வெளிநாட்டுல இருக்கற மாதிரின்னு ஆரம்பிச்சா, அங்கெல்லாம் அப்படி இல்லைன்னு சொல்லிடு," என்பது ஏற்பாடு.

அதிகாரி எங்களை உட்காரச் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "உங்க கோடுகளைப் பாக்கறேன். மூச்சு விடாம பேசுது."

"என்ன பேசுதுங்க ஐயா?" மாமா பதறிவிட்டார்.

"ஒரே நீட்டமா, நிறுத்தமே இல்லாம. இது உரைநடை. வரி எங்க உடையுதோ அங்கதான் கவிதை பிறக்குது. வடிவமைப்பும் அப்படித்தான். நடுவுல இருக்கற வெற்றிடம்தான் பாக்கறவனோட இடம்."

"பாக்கறவங்க யாரும் இங்க இல்லைங்க ஐயா. எல்லாரும் நடக்கறவங்கதான்."

"உடையணும். கோடு உடையணும்."

"எலும்பு உடைஞ்சுதாங்க ஐயா இங்க வர்றாங்க. கோடும் உடைஞ்சா..."

அதிகாரி திரும்பினார். மேசை மேல் இருந்த ஒரு கோப்பைத் தொட்டு, அதை மேசை விளிம்போடு பொருந்தும்படி மெல்ல நேராக்கினார். அது மாமாவின் கோப்பு. நேராக்கியது மாமாவுக்குப் பிடித்திருந்தது, அதுதான் கொடுமை. "திங்கட்கிழமை ஆய்வுக்கு வர்றாங்க. மஞ்சள் கோடு மட்டும் முதல்ல பண்ணுங்க. அவங்க பாத்துட்டுப் போனதும் இதைப் பாக்கலாம்," என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார்.

அது அவருடைய புதுக் கவிதை. அதுவே வரைபடமும்.

வலி
ஒரு நெடுந்தூரப் பயணம்
நீ
நடக்கிறாய்
நானும்
நில்

ஒரு எழுத்துக்கு ஒரு டைல் நீளம் மஞ்சள். வரி முடிந்தால் ஒரு டைல் காலி. கவிதை முழுதும் முடிந்தால் ஒன்பது டைல் காலி. ஓரத்தில் பென்சிலால் குறிப்பு: 'வாசக மௌனம்'. அதற்குப் பிறகு மறுபடி முதலிலிருந்து கவிதை. இப்படியே வாசலிலிருந்து ரத்தப் பரிசோதனை அறை வரை.

வெளிநாட்டைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. நான் போனது வீண்.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாள் சாப்பாட்டு மேசையில் பிணப் பரிசோதனைக்கு வைத்த மாதிரி கிடந்தது. அத்தை சிவப்புப் பேனாவால் எழுத்துக்களை எண்ணினார். இருபத்தாறு.

"புள்ளி வச்ச எழுத்துக்கும் முழு டைல்தானா?" என்று மாமா கேட்டார்.

"அவர் கவிதையில புள்ளி வைக்காத எழுத்துலயே ஒண்ணும் இல்ல. எல்லாத்துக்கும் முழுசாவே போடுங்க." அத்தை கூட்டலைத் தொடர்ந்தார். "நடுவுல அஞ்சு டைல் காலி. ஆக முப்பத்தொண்ணாவது டைல்ல கவிதை முடியுது. முப்பத்தொண்ணு எங்க வருதுங்க?"

மாமாவுக்கு அந்த வராந்தா கை ரேகை மாதிரி. கண்ணை மூடிக்கொண்டார். "துடைப்ப ரூம் வாசல்ல. அதுக்கு அஞ்சு டைல் தள்ளி வராந்தா திரும்புது."

"அப்ப மௌனம் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். துடைப்ப ரூம் கிட்ட நின்னுட்டுப் பாத்தா அடுத்த கோடு தெரியாது."

"தெரியாது."

"சொல்லிடுங்க அவர்கிட்ட."

"பன்னெண்டு நாள் இருக்கு," என்றார் மாமா.

அத்தை சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு விவாதத்தைப் பாதியில் விட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வராந்தாவில் கூட்டம் குறைவு. மாமா பழைய மஞ்சளைச் சுரண்டி எடுத்து, டைலைத் துடைத்து, வேலையை ஆரம்பித்தார். நூலின் ஒரு நுனியை நான் பிடித்தேன். நீலத்தூளில் தோய்த்த நூல். இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் தரையில் தலைமுடி கனத்துக்கு ஒரு நீலக் கோடு விழும். அதற்கு இரண்டு பக்கமும் ஒட்டுத்தாள் ஒட்டி, நடுவில் பெயிண்ட் அடிப்பார். பெயிண்ட் காய்ந்த பிறகு அந்த நீலம் யார் கண்ணிலும் படாது.

வாசலிலிருந்து திருப்பம் வரை சுண்டினார். திருப்பத்திலிருந்து பரிசோதனை அறை வரை இன்னொரு முறை சுண்டினார். உடைப்புகளையும் மௌனங்களையும் அவர் நூல் மதிக்கவில்லை. ஒரே நேராக ஓடியது. பிறகு கவிதைத் தாளைப் பார்த்துப் பார்த்து, வலிக்கு இரண்டு டைல், பயணத்துக்குப் பன்னிரண்டு டைல் என்று மஞ்சள் அடித்துக்கொண்டு போனார். 'நில்' இரண்டு டைல். பூட்டிய துடைப்ப அறை வாசலில் கன கச்சிதமாக முடிந்தது.

மாலையில் எல்லாம் காய்ந்ததும், பையிலிருந்து வார்னிஷ் டப்பாவை எடுத்து, வெறும் நீலம் மட்டும் தெரிந்த அந்த ஒன்பது டைலில் மெல்லிய பிரஷால் தடவ ஆரம்பித்தார்.

"மாமா, இதை அழிக்கணும் இல்ல?"

"பெயிண்ட் அடிக்காதேன்னுதான் ஆர்டர். நூல் போட்டதை அழின்னு எவனும் எழுதிக் கொடுக்கல." தலை நிமிராமலே சொன்னார். "முக்கால் கோட்டைப் போட்டுட்டு வீட்டுக்குப் போனா எனக்குத் தூக்கம் வராது. உனக்கென்ன, நீ எங்க வேணா தூங்குவ."

திங்கட்கிழமை மாமா இஸ்திரி போட்ட சட்டையில், அதிகாரியின் அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார வேண்டும் என்று உத்தரவு. வராந்தாவில் என்ன நடக்கிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு. எட்டு மணிக்கே போய் நின்றேன்.

வெறும் வயிற்றோடு வந்து சர்க்கரை பார்க்கிறவர்கள் வரும் நேரம் அது. முதலில் ஒரு பருமனான ஆள், கையில் தண்ணீர் பாட்டிலோடு மஞ்சளில் நடந்து வந்தார். சின்னச் சின்ன உடைப்புகளை எல்லாம் அவர் கவனிக்கவே இல்லை. 'நில்' முடிந்த இடத்தில் நின்றார். முன்னே பார்த்தார், சுவர். பக்கத்தில் பார்த்தார், பூட்டிய கதவு. கதவைத் தட்டினார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு காத்திருந்தார்.

அவ்வளவுதான். பின்னால் வந்த பெண் அவருக்குப் பின்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு தம்பதி. அந்தத் தம்பதிக்குள்ளேயே யார் முன்னால் என்று ஒரு சின்னத் தகராறு. எட்டே முக்காலுக்குப் பதினான்கு பேர். மாதம் தவறாமல் வரும் ஒரு பெரியம்மா, பரிசோதனை அறை திருப்பத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது நன்றாகத் தெரிந்தவர், வரிசையைப் பார்த்துவிட்டு, "இங்க மாத்திட்டாங்களா? ஒரு வார்த்தை சொல்றது கிடையாது," என்று முணுமுணுத்துக்கொண்டே கடைசியில் போய் நின்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பருமனானவரிடம் போய், "சார், லேப் அந்தப் பக்கம் திரும்பினா இருக்கு. இது துடைப்பம் வைக்கற ரூம்," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எட்டு மணிலேருந்து நிக்கறோம். நீங்க இப்ப வந்து எங்களை அந்தப் பக்கம் அனுப்பிட்டு முன்னாடி நிக்கலாம்னு பாக்கறீங்களா?"

"பாத்தா படிச்ச பொண்ணு மாதிரி இருக்கு," என்று பின்னால் ஒரு குரல்.

"படிச்சவங்கதான் இப்படி."

"லைன்ல வாம்மா, லைன்ல வா!"

நானும் போய் வரிசையில் நின்றேன். சொன்னால் வெட்கம்தான், ஆனால் ஐந்து நிமிடத்தில் எனக்கே அந்தக் கதவு எப்போது திறக்கும் என்று எரிச்சல் வந்துவிட்டது.

ஒன்பது மணிக்குத் துப்புரவுப் பணியாளர் அக்கா சாவியோடு வந்தார். வரிசை சிலிர்த்துக்கொண்டது. அவர் கதவைத் திறந்ததும் முதல் ஆள் கையை முழுதாக நீட்டினார்.

"எந்தக் கைக்கா? இதுவா, அதுவா?"

"எதுவும் வேணாம்யா. வழிய விடு, மாப்பு எடுக்கணும்."

"சாப்பிடாம வந்திருக்கோம்க்கா."

"நான் மட்டும் சாப்பிட்டா வந்தேன்?" அக்கா மாப்பை எடுத்துக்கொண்டு, வாளியை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். ஒருவரும் கலையவில்லை. "டாக்டர் இன்னும் வரலை போல. ரூமைச் சுத்தம் பண்ணிட்டுப் போறாங்க," என்று முதல் ஆள் பின்னால் இருந்தவர்களுக்கு விளக்கம் கொடுத்தார். செய்தி வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேரும்போது, டாக்டருக்கே ரத்தம் எடுக்கிறார்கள் என்று ஆகியிருந்தது.

எனக்குப் பின்னால் வெள்ளைக் காலணி போட்ட ஒரு பெண்மணி வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் ஒரு சின்னக் குறிப்பேட்டில் எழுதுவதுமாக இருந்தார். இருபது நிமிடம் பொறுத்துவிட்டு நேராக முன்னால் நடந்து போய்க் கதவைப் பார்த்தார். சாவித் துவாரம் வழியாக உள்ளே பார்த்தார். வரிசை ஆவேசமாகக் கத்தியது. அவர் திரும்பி, அமைதியான குரலில், "நான் ஆய்வுக்கு வந்திருக்கேன். இங்க பொறுப்புல இருக்கறவரைக் கூப்பிடுங்க," என்றார். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர். சொன்ன நேரத்துக்கு வராமல் இருப்பதுதான் அவர் வேலை போல.

நிர்வாக அதிகாரி வேட்டிக்குள் எறும்பு புகுந்தவர் மாதிரி ஓடி வந்தார். அவர் பின்னால் இஸ்திரி சட்டையில் மாமா.

"இந்தக் கோடு ஏன் இங்க நிக்குது?" என்று ஆய்வு அதிகாரி கேட்டார்.

கவிஞர் சுவரைப் பார்த்தார். வெற்றிடத்தைப் பற்றி மூன்று தொகுப்பு எழுதிய மனிதருக்கு அந்த இடத்தில் ஒரு சொல்கூட வரவில்லை. கடைசியில் மாமாவைக் கைகாட்டினார். "கோடு போட்டது இவர்தாங்க."

நாற்பது பேர் வெறும் வயிற்றோடு மாமாவைப் பார்த்தார்கள். எனக்கு அவர் தலைக்குள் ஓடுவது வெளியே கேட்பது போல இருந்தது. அதிகாரி சொல்லித்தான் உடைத்தேன் என்றால் கையெழுத்து போச்சு. நான்தான் தப்பாகப் போட்டேன் என்றால், ஒரு கோட்டை ஒழுங்காகப் போடத் தெரியாதவனை எதற்கு நிரந்தரமாக்க வேண்டும்? பிறந்த நாளுக்கு எட்டு நாள் பாக்கி.

மாமா இஸ்திரி கலைவதைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் குந்தினார். "நிக்கலைங்கம்மா. போய்ட்டுத்தான் இருக்கு. கிட்ட வந்து பாருங்க."

அந்த அம்மா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு குனிந்தார். மஞ்சள் முடிந்த இடத்திலிருந்து, மயிரிழை கனத்தில், வார்னிஷ் பளபளப்புக்கு அடியில் நீலம் ஓடிக்கொண்டிருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தார். அழியவில்லை. குனிந்தபடியே இரண்டடி வைத்தார். இன்னும் இரண்டடி. பருமனானவர், விட்டால் தன் இடம் போய்விடும் என்ற பயத்தில், பின்னாலேயே குனிந்துகொண்டு வந்தார். அவர் பின்னால் அந்தப் பெண். பின்னால் தம்பதி. நாற்பது பேரும் முதுகை வளைத்து, தரையில் விழுந்த ஊசியைத் தேடுகிறவர்கள் போல, திருப்பத்தில் திரும்பி, பரிசோதனை அறைக்குள் போய்ச் சேர்ந்தார்கள். உள்ளே ரத்தம் எடுக்கும் தம்பி இரண்டு காலையும் மேசை மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தான். இன்றைக்கு ஊரில் யாருக்கும் சர்க்கரை இல்லை என்று முடிவுகட்டியிருந்தானாம்.

அன்று மாலை அத்தையிடம் நான் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அத்தை சிரிக்கவில்லை. "அந்த நீலக் கோட்டுக்கு எவ்வளவு அகலம் இருக்கும்?" என்று கேட்டார்.

"அரை மில்லிகூட வராது," என்றார் மாமா.

அத்தை எழுந்து போய் டீ போட்டார். டம்ளரை மாமா முன்னால் வைக்கும்போது, "இத்தனை வருஷத்துல இப்பதான் கோடுன்னு சொல்ற மாதிரி ஒண்ணு போட்டிருக்கீங்க," என்றார். மாமா டீ ஆறும்வரை டம்ளரைத் தொடவில்லை. இதைவிடப் பெரிய பாராட்டு அவருக்கு நிலாவிலிருந்து வந்திருக்க முடியாது.

ஆய்வு அறிக்கை நான்கு நாளில் வந்தது. கவிஞரின் வேலை போய்விடும் என்று நான் ஆசையோடு காத்திருந்தேன். ஆறு வருடம் வெளியே இருந்ததில் அலுவலகங்களைப் பற்றி எல்லாம் மறந்துபோயிருந்தது. அறிக்கையில் இப்படி இருந்தது: மருத்துவமனை முழுவதிலும் பொதுமக்கள் தள்ளுமுள்ளு இல்லாமல், ஒழுங்காக, பொறுமையாக வரிசையில் நின்றதைக் கண்ட ஒரே இடம் மேற்படி துடைப்ப அறை வாசல். ஆகவே அந்த இடத்தில் ஒரு விசாரணை மேசை அமைக்கலாம். தரைக்கோட்டை அந்த இடத்தில் நிறுத்திய யோசனை பாராட்டத்தக்கது.

கவிஞர் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். மாட்டியதில் வலது பக்கம் கால் அங்குலம் இறக்கம்.

சந்தோஷத்தில் மாமாவின் கோப்பிலும் கையெழுத்து போட்டார், பிறந்த நாளுக்கு முந்தின நாள். மாமா நிரந்தரம். ஆனால் நிரந்தரப் பணியிடங்களின் பட்டியலில் 'கோடு போடுபவர்' என்று ஒன்று கிடையாது. லிஃப்ட் இயக்குபவர் உண்டு, கொதிகலன் காப்பாளர் உண்டு, கொதிகலன் கிடையாது. காலியாக இருந்தது புதிதாக உண்டான ஒரே இடம்: விசாரணை உதவியாளர். துடைப்பங்களை வேறு அறைக்கு மாற்றி, ஒரு மேசையும் முக்காலியும் போட்டு, மாமாவை உட்கார வைத்தார்கள். புது அட்டையில் 'தற்காலிகம்' என்ற சொல் இல்லை. அத்தை அதைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினார். என் அம்மா தொலைபேசியில் அழுதார்.

நிரந்தர ஊழியர் பிரஷைத் தொடக்கூடாது என்று விதி. பெயிண்ட் வேலை வெளியாட்களுக்கு. ஒரு ஒப்பந்தக்காரர் வந்து, மாமாவின் மஞ்சளை எல்லாம் சுரண்டிவிட்டு, ஒட்டும் நாடாவைச் சர்ரென்று இழுத்து ஒட்டிக்கொண்டு போனார். அதே கவிதை அளவு. நூல் போடவில்லை. வாசலில் ஆரம்பிக்கும்போது சுவரிலிருந்து மூன்றடி, மாமாவின் மேசைக்கு வரும்போது இரண்டடி பத்து அங்குலம். அந்த இரண்டு அங்குலச் சாய்வு நேராக மாமாவின் முகத்தைப் பார்த்து வருகிறது. காலை எட்டு முதல் மாலை நான்கு வரை அவர் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஓய்வு பெற இன்னும் பத்து வருடம்.

முதல் வாரம் தாங்கினார். இரண்டாவது வாரம் முக்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். வழி கேட்டு வந்தவர்கள் அவர் முதுகோடு பேசினார்கள்.

"ரத்தம் எடுக்கறது எங்கங்க?"

மாமா திரும்பாமலே கையை மட்டும் நீட்டுவார். "நேரா போய்த் திரும்பு. கீழ பாக்காதே."

மூன்றாவது வாரம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு விண்ணப்பம் எழுதினார். அத்தை பின்னால் நின்று படித்தார். தன்னை மறுபடியும் தற்காலிகமாக்கிக் கோட்டு வேலைக்கே அனுப்ப வழி உண்டா என்று கேட்டு எழுதியிருந்தார்.

"பத்தொன்பது வருஷம் அலைஞ்சு வாங்கினதை..." என்று ஆரம்பித்த அத்தை, மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "மார்ஜின் விட்டு எழுதுங்க," என்று மட்டும் சொன்னார்.

பதில் ஒரு மாதத்தில் வந்தது. நிர்வாக அதிகாரியே எழுதியிருந்தார்.

நிரந்தரம்
என்பது
திரும்பாத
வழி

அதற்குக் கீழே ஒரு பெரிய வெள்ளை, பிறகு கையெழுத்து. அத்தை அந்த வெள்ளையை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தார், எதற்கென்று தெரியவில்லை. நான் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் எனக்குப் பயணம்.

மாமா தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"இடது ஓரம் ரெண்டு மில்லி சாஞ்சிருக்கு," என்றார்.